100 மீட்டர் ஓடும் மகளை ஹர்டில்ஸுக்கு (தடை தாண்டி ஓடும் பந்தயம்) மாற்றச் சொல்கிறார் பி.டி. சார். மாற்றலாமா?

மாவுக்கடை அம்மா – கேள்வி

எல்லாருக்கும் வணக்கமுங்க. பொள்ளாச்சிப் பக்கம் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். ஓட்டப் பந்தயம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடியதோடு சரி.

மகள் ஒன்பதாம் வகுப்பு. ஆவணி வந்தால் 15 முடிகிறது. ஆறாவதிலிருந்து 100, 200 ஓடுகிறாள். குறுவட்டத்தில் இரண்டு வருடமாக 100 மீட்டரில் இரண்டாம் இடம். முதலிடம் வருவது எப்போதும் ஒரே பிள்ளைதான், பக்கத்து ஊர். அந்தப் பிள்ளையை இவள் ஒரு தடவைகூட முந்தியதில்லை. வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போனால் ஐந்தாவது, ஆறாவது என்று வந்து, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

போன மாதம் பி.டி. சார் என்னைக் கூப்பிட்டு, "இவளுக்குக் கால் நீளமுங்க, ஓட்டத்தில் ஒரு தாளம் இருக்குது. ஹர்டில்ஸ் போடலாம். அப்புறம் 400 ஹர்டில்ஸ். வித்யா ராம்ராஜ் மாதிரி வரலாம்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து போனில் தேடிப் பார்த்தேன். அந்தப் பெண் நம்ம கோயம்புத்தூர் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஆனால் மனசில் ஒன்று உறுத்துகிறது. முழு அரிசி இட்லிக்கு, நொய் கஞ்சிக்கு என்று நான் பிரிப்பேன். அதே மாதிரி, 100 மீட்டரில் முதலில் வராத பிள்ளைகளை இந்தப் பக்கம் தள்ளி விடுகிறார்களோ?

இன்னொரு விஷயம். பழக ஆரம்பித்த மூன்றாம் நாளே நாலாவது தடையில் கால் மாட்டி விழுந்துவிட்டாள். முழங்காலில் தோல் வழண்டு, உள்ளங்கையில் சரளைக்கல் ஏறிவிட்டது. ராத்திரி விளக்கைப் பக்கத்தில் வைத்து ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அவள் அழவில்லை. ஆனால் அதற்கப்புறம் தடைகிட்டப் போனதும் நின்றுவிடுகிறாளாம். 

அவள் அப்பா, "பத்தாவது வருது, ஓடினது போதும்" என்கிறார். சிந்தடிக் டிராக் என்றால் கோவை நேரு ஸ்டேடியம்தான், 40 கிலோமீட்டர். தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். இது நொய்யா, அரிசியா?

---

கேலரி சீட்

அக்கா, நான் ஓடியவன் இல்லை, உட்கார்ந்து பார்க்கிறவன். நாக்கில் தேதி நிற்கும், அவ்வளவுதான் என் தகுதி. வித்யாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1998 செப்டம்பர் 21-ல் பிறந்தவர். இரட்டையர். வித்யா 400 மீட்டர் தடை ஓட்டம், கூடப் பிறந்த நித்யா 100 மீட்டர் தடை ஓட்டம். ஒரே வீட்டில் இரண்டு ஹர்டிலர்! அப்பா வண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். வித்யாவுக்கு இப்போது ரயில்வேயில் வேலை.

பி.டி. உஷா 1984 ஆகஸ்ட் 8-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓடிய 55.42 நொடிதான் இந்தியாவின் சாதனை. 39 வருடம் அதைத் தொட ஆள் இல்லை. 2023 செப்டம்பரில் சண்டிகரில் நடந்த போட்டியில் வித்யா ஓடியது 55.43. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நூறில் ஒரு நொடி! கண்ணிமைக்கக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும்.

மூன்று வாரம் கழித்து ஹாங்சோ ஆசிய விளையாட்டு. அக்டோபர் 2, காலை ஹீட்ஸ், அதாவது தகுதிச் சுற்று. வித்யா 55.42. அச்சு அசலாக உஷாவின் நேரம். 25 வயது முடிந்து 11 நாள் ஆகியிருந்தது அவருக்கு. அன்று இரவே 4x400 கலப்பு ரிலே இறுதி. அதில் முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ், சுபா வெங்கடேசன், இவர். நாலு பேரில் மூன்று பேர் நம்ம தமிழ்நாடு என்பதைச் சத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன். மூன்றாவதாக வந்தார்கள். இரண்டாவதாக வந்த இலங்கை அணி தகுதி நீக்கம் ஆனதால் வெண்கலம் வெள்ளியாகிவிட்டது. மறுநாள் 400 தடை இறுதி, 55.68, வெண்கலம். அதற்கும் மறுநாள் பெண்கள் 4x400 ரிலே, வெள்ளி. மூன்று நாளில் நாலு ஓட்டம், மூன்று பதக்கம். எனக்கு மாடிப்படி நாலு தடவை ஏறினால் மறுநாள் லீவு.

அப்புறம் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரிலே. 2025-ல் தென்கொரியாவின் குமியில் ஆசியத் தடகளம், தடை ஓட்டத்தில் திரும்பவும் வெண்கலம்.

இதில் எங்கே நொய்?

---

எட்டாவது லேன்

அம்மா, கேலரிக்காரர் தேதி சொல்லிவிட்டார். நான் காலைப் பற்றிச் சொல்கிறேன். கல்லூரியில் 400 ஹர்டில்ஸ் ஓடியவள். பல்கலைக்கழக அளவில் ஒரே ஒரு இறுதிப் போட்டி, எட்டுப் பேரில் எட்டாவது. அதனால்தான் இந்தப் பெயர். இப்போது ஈரோட்டில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், காசு வாங்குவதில்லை, டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

முதலில் உங்கள் நொய் சந்தேகம். அது நியாயமான சந்தேகம், ஏனென்றால் சில பள்ளிகளில் உண்மையிலேயே அப்படித்தான் செய்கிறார்கள். ஆள் பற்றாத ஐட்டத்துக்குக் கையில் கிடைத்த பிள்ளையின் பெயரை எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆனால் உஷாவைப் பாருங்கள். 16 வயதில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓடியவர். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 100, 200 இரண்டிலும் வெள்ளி. அந்தக் காலத்தில் இந்தியாவில் அவரை முந்த ஆள் கிடையாது. அவரைத்தான் பயிற்சியாளர் நம்பியார் தடை ஓட்டத்துக்குத் திருப்பினார். பெண்களுக்கான 400 தடை ஓட்டத்தை ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்த்ததே 1984-ல்தான். புதுசாக ஒரு கதவு திறக்கிறது, உலகத்தில் எல்லாருக்கும் அது புதுசு, நம்ம பிள்ளையும் உள்ளே போகட்டும் என்று பார்த்த ஆள் அவர். ஒரு வருடம்கூட ஆகாத பழக்கத்தில் உஷா நாலாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த ருமேனியாக்காரி 55.41.

அதற்காக உஷாவின் வேகம் எங்கேயும் போய்விடவில்லை. இரண்டே வருடத்தில் 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 200, 400, 400 தடை, ரிலே என்று நாலு தங்கம், 100-ல் வெள்ளி. இந்தக் காலத்துக்கு வாருங்கள். அமெரிக்காவின் சிட்னி மெக்லாக்லின் 17 வயதில் ரியோ ஒலிம்பிக்கில் தடை ஓட்டம் ஓடியவர், 2024 பாரிஸில் 50.37 என்று உலக சாதனை. அவரே 2025-ல் தடையே இல்லாத 400-க்கு வந்து டோக்கியோவில் 47.78 ஓடிவிட்டார். அதைவிட வேகமாக ஓடியவர் 1985-ல் 47.60 ஓடிய மரீட்டா கோக் ஒருவர்தான். சிட்னியின் 50.37-லிருந்து 47.78-ஐக் கழித்துப் பாருங்கள்: பத்துத் தடைகளையும் தாண்ட அவருக்கு ஆகிற கூடுதல் நேரம் 2.59 நொடி. தடை ஒன்றுக்குக் கால் நொடிதான். ஹர்டில்ஸ் பழகினால் ஓட்டம் கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அடுத்தது அவள் விழுந்த கதை. உங்கள் பதிவில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான். ஒன்று கேட்கிறேன், மைதானத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்: அந்தத் தடைகளின் அடிக்கால் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது?

ஹர்டில் என்பது 'ட' எழுத்தைப் போல இருக்கும். ஒரு பக்கம்தான் கால் நீளும். அந்தக் கால் ஓடி வருகிறவளைப் பார்த்து இருக்க வேண்டும். அப்படி வைத்திருந்தால், தொடையோ முழங்காலோ கட்டையில் பட்டதும் தடை முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்துவிடும், ஓடுகிறவள் தடுமாறினாலும் போய்க்கொண்டே இருக்கலாம். சுமார் நாலு கிலோ அழுத்தத்தில் சாயும்படிதான் அதைச் செய்கிறார்கள். அதையே திருப்பி வைத்துவிட்டால் சாயாது. சுவரில் போய் இடித்த மாதிரிதான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மேல்வரிசையில் ஒரு பல் பாதிதான் இருக்கிறது. கல்லூரிகளுக்கிடையிலான போட்டி, மண் டிராக், ரோட்டுக்குப் போடுகிற செம்மண். தடை எடுத்து வைத்த பையன்கள் ஆறாவது வரிசையை மட்டும் திருப்பி வைத்துவிட்டார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை, நானும்தான். இப்போது எந்த மைதானத்துக்குப் போனாலும் வார்ம் அப் செய்வதற்கு முன்னால் பத்துத் தடையையும் நடந்து போய்ப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளின் உயிரை எடுக்கிறேன்.

தடையைத் தட்டிவிட்டால் தோல்வி என்று உங்கள் மகள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அப்படி இல்லை. தட்டலாம், பத்தையும் சாய்த்துவிட்டுக்கூட ஓடலாம், நேரம்தான் போகும். வேண்டுமென்றே கையால் தள்ளக் கூடாது, காலைத் தடைக்குப் பக்கவாட்டில் வெளியே விட்டுப் போகக் கூடாது. அதை அவளிடம் சொல்லுங்கள். பாதிப் பயம் அதிலேயே போகும்.

400 ஹர்டில்ஸ் இப்போது வேண்டவே வேண்டாம். முதல் தடைக்கு 45 மீட்டர், நடுவில் 35, 35 என்று ஒன்பது இடைவெளி, கடைசியில் 40 மீட்டர் வெறும் ஓட்டம். அந்தக் கடைசி நாற்பதில் கால் நம்முடையதாக இருக்காது, கடன் வாங்கினதுபோல இருக்கும். 15 வயதுக்கு அந்தத் தண்டனை எதற்கு? இப்போது குட்டை இடைவெளியில் தாளம் பழகட்டும். ஒரு நல்ல சேதி: பெண்களின் 400 தடை 76.2 செ.மீ.தான், பெரியவள் ஆனாலும் உயரம் ஏறாது. 100 மீட்டர் தடைதான் பெரியவர்களுக்கு 83.8-க்கு ஏறிவிடும்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கடை வைத்திருக்கிற நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸில் வாய்க்குப் பிடித்த சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டேன், கடைசி 35 மீட்டரில் தெம்பு இல்லை என்று உஷாவே சொல்லியிருக்கிறார். இட்லி மட்டும் போதாது. முட்டை, கடலை, கீரை, ராகி. அப்புறம் ஒரு தடவை ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு ஆரம்பித்த பிள்ளைகள் சோர்ந்து ஓடினால் கோச் 'சோம்பேறி' என்பார். பல தடவை அது இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும்.

---

ரெண்டு பசங்க அப்பா

எல்லாரும் பதக்கக் கதையாகவே சொல்கிறீர்கள். நான் மறுபக்கம் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மூத்தவன் 110 மீட்டர் தடை ஓடினான். 16 வயதில் மாநில அளவில் மூன்றாமிடம். 17-ல் பின்தொடையில் தசை கிழிந்தது. ஆறு வாரம் ஓய்வு என்றார் டாக்டர், மூன்றாவது வாரமே செலக்‌ஷன் இருக்கிறது என்று ஓடவைத்தார் பயிற்சியாளர். மறுபடி கிழிந்தது. இப்போது அவன் பி.காம். முடித்து ஒரு குடோனில் கணக்கு எழுதுகிறான். ஸ்பைக்ஸ் ஷூ (அடியில் ஆணி வைத்தது) இன்னும் பரணில் இருக்கிறது, அவன் அம்மா தூக்கிப் போட விடவில்லை.

அவிநாசியின் தருண் அய்யாசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலேயே அப்பா இல்லை, பள்ளி ஆசிரியையான அம்மா வளர்த்த பையன். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 400 தடையில் 48.96, தேசிய சாதனை, வெள்ளி. அடுத்த வருடம் 48.80. அதற்கப்புறம் காயங்களோடு மல்லுக்கட்ட வேண்டி வந்தது. அவருக்கே அப்படி என்றால் நம்ம பிள்ளைகள் எந்த மூலைக்கு?

அதனால் அக்காவுக்கு நான் சொல்வது மூன்றே விஷயம். படிப்பை விட வேண்டாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் தமிழக அரசு வேலை 3 சதவீதம் இருக்கிறது, ரயில்வே இருக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் குறுவட்டத்தில் இரண்டாம் இடம் வந்த சான்றிதழை அங்கே ஒருவரும் பார்க்க மாட்டார்கள். வலித்தால் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள், யார் என்ன செலக்‌ஷன் என்று சொன்னாலும் சரி. மூன்றாவது, டப்பாவில் வருகிற பவுடர் எதையும் வாங்காதீர்கள். ஜிம்மில் ஒருவர் 'எல்லாரும் போடுறாங்க' என்று என் மகனிடம் நீட்டினார். அதில் என்ன கலந்திருக்கிறது என்று கொடுக்கிறவருக்கே தெரியாது, ஊக்கமருந்துப் பரிசோதனையில் மாட்டினால் போகிறது பிள்ளையின் பெயர்தான்.

---

எட்டாவது லேன்

அண்ணா, உங்கள் மகனுக்கு நடந்ததற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆறு வாரம் என்றால் ஆறு வாரம்தான். அந்த இடத்தில் உங்களோடு நூற்றுக்கு நூறு.

ஆனால் 'நம்ம பிள்ளைகள் எந்த மூலைக்கு' என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். வித்யா 55.42 ஓடியது 25 வயதில். அதற்கு முன்னால் பத்து வருடமாவது பேப்பரில் பெயர் வராமல், அல்லது கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக வந்து ஓடியிருப்பார். 15 வயதில் யார் முதலிடம் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சீக்கிரம் வளர்ந்த பிள்ளை சீக்கிரம் ஜெயிக்கும், அவ்வளவுதான். மாவுக்கடை அம்மா, அந்தப் பக்கத்து ஊர்ப் பிள்ளையை உங்கள் மகள் முந்தாததை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

படிப்புக்கும் வழி இருக்கிறது. அரசின் விளையாட்டு விடுதிகளில் சேர்க்கை 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்குத்தான். பத்தாவதுக்குக் கிடையாது. ஆகவே அவள் அப்பா சொல்வதும் நடக்கட்டும்: அடுத்த வருடம் வீட்டிலிருந்தே பத்தாவது படிக்கட்டும், வாரம் மூன்று நாள் பள்ளி மைதானத்திலேயே பழகட்டும். பரீட்சை முடிந்த கோடையில் 11-ஆம் வகுப்புக்கான தேர்வுப் போட்டிக்குப் போகலாம். 40 கிலோமீட்டர் பஸ் ஏறி நேரு ஸ்டேடியம் போவதை மாதம் ஒரு தடவை வைத்துக்கொண்டால் போதும், சிந்தடிக் டிராக்கில் ஸ்பைக்ஸ் எப்படிப் பிடிக்கும் என்று கால் தெரிந்துகொள்ளட்டும்.

சரி, தடையின் கால் எந்தப் பக்கம் இருந்தது? பார்த்தீர்களா?

---

மாவுக்கடை அம்மா

பார்த்தேனுங்க. நேற்றுச் சாயங்காலம் கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் போனேன்.

நீங்கள் சொன்ன 'ட' மாதிரி இல்லை. வெல்டிங் பட்டறையில் அடித்தது, சதுரக் குழாய். அடிக்கால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிறது, எங்கள் கடை ஸ்டூல் மாதிரி. காலால் தள்ளிப் பார்த்தேன், அசையவே இல்லை. கையால் தள்ளினால் மொத்தமாகச் சறுக்கிக்கொண்டு போகிறது, சாயவே மாட்டேன் என்கிறது.

சாரிடம் கேட்டேன். முகம் சுண்டிப்போய்விட்டது அவருக்கு. கைக்காசு போட்டு ஆறு அடித்தாராம். பள்ளியில் நல்ல ஹர்டில் நாலு இருக்கிறதாம், ஸ்டோர் ரூமில், பெயிண்ட் போகக் கூடாது என்று பூட்டி வைத்திருக்கிறார்கள், ஆய்வுக்கு யாராவது வந்தால் மட்டும் வெளியே வருமாம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் மகளும் அதே தடையில்தான் பழகுகிறாளாம்.

தட்டினால் தோல்வி இல்லை என்று மகளிடம் சொன்னேன். "நிஜமாவா?" என்று மூன்று தடவை கேட்டாள். அப்புறம் அவளாகவே ஒன்று சொன்னாள்: "தாண்டுறப்ப பயமில்லம்மா. கிட்ட வர்றப்ப எந்தக் காலைத் தூக்குறதுன்னு யோசிக்கிறேன்ல, அப்பத்தான் பயமா இருக்குது."

இது என்னவென்று உங்களுக்குப் புரிகிறதா?

---

எட்டாவது லேன்

நன்றாகப் புரிகிறது. உங்கள் மகள் கெட்டிக்காரி. பயம் தடையில் இல்லை, காலடிக் கணக்கில் இருக்கிறது.

முதலில் அந்த ஸ்டூல்களை ஓரம் கட்டுங்கள். உங்கள் கடையில் மாவு பக்கெட் இருக்குமே? உயரமான பக்கெட் இரண்டைக் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு பி.வி.சி. குழாயைச் சும்மா படுக்க வையுங்கள், கட்டக் கூடாது. கால் பட்டால் குழாய் உருண்டு விழுந்துவிடும். உயரம் குறைவுதான், பரவாயில்லை. இப்போது அவளுக்கு உயரம் முக்கியமில்லை.

100 மீட்டர் தடை ஓட்டத்தில் இரண்டு தடைக்கு நடுவில் மூன்று காலடி. மூன்று என்பது ஒற்றைப்படை, அதனால் ஒவ்வொரு தடையிலும் அதே கால்தான் முன்னால் போகும். நாலாகிவிட்டால் கால் மாறிவிடும். பெரியவர்களின் 400-லும் இதே கணக்குத்தான், 35 மீட்டரை 15 காலடியில் ஓடினால் அதே கால், 14 அல்லது 16 ஆனால் கால் மாறும். சிட்னி மெக்லாக்லின் 14 காலடியில் ஓடுவதற்கு இரண்டு காலையும் சமமாகப் பழக்கி வைத்திருக்கிறார். உங்கள் மகளும் என்றாவது இரண்டு காலும் பழக வேண்டும், இப்போது ஒன்று போதும். இடது கால் முன்னால் போனால் நல்லது, வளைவில் ஓடும்போது உள்கோட்டை ஒட்டிப் போகலாம். ஆனால் வலதுதான் அவளுக்கு வருகிறது என்றால் வலிந்து மாற்றாதீர்கள்.

புத்தகத்தில் பெண்களின் 100 தடைக்கு நடுவில் 8.5 மீட்டர் என்று இருக்கும். அதை மறந்துவிடுங்கள். அவள் மூன்று காலடியில் சிரமமில்லாமல் போகிற தூரம் எதுவோ அதை வையுங்கள். கால் ஊன்றுகிற இடத்தில் கோலப்பொடியால் ஒரு கோடு. சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே ஓடச் சொல்லுங்கள். வாய் எண்ணிக்கொண்டிருந்தால் மூளைக்கு யோசிக்க நேரம் இருக்காது.

எந்தக் கால் முன்னால் போகிறது என்று ஓரமாக நின்று பார்த்து எழுதுங்கள். அதை மட்டும் பாருங்கள், வேறு ஒன்றும் வேண்டாம்.

---

கேலரி சீட்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். மாவு பக்கெட்டில் ஹர்டில்ஸ்! வீடியோ வேண்டாம், பிள்ளையின் முகம் இணையத்தில் வர வேண்டாம். எழுத்தில் சொன்னால் போதும், காத்திருக்கிறேன்.

---

ரெண்டு பசங்க அப்பா

பக்கெட் யோசனை நல்ல யோசனை. என் மகன் பழகிய இடத்தில் இதை ஒருவரும் சொல்லவில்லை. மூத்தவனிடம் இந்த உரையாடலைக் காட்டினேன். "காலடிக்கு முன்னாடி தூரத்தைச் செருப்பால அளக்கச் சொல்லுங்கப்பா, டேப் தேட வேணாம்" என்று எழுதச் சொன்னான். வேறு ஒன்றும் பேசவில்லை. ஆனால் ராத்திரி பரணில் எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது.

---

மாவுக்கடை அம்மா

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோயில் திடலில் வைத்துப் பார்த்தோமுங்க. பன்னிரண்டு பக்கெட், ஆறு குழாய். குழாய் எலெக்ட்ரீஷியன் தம்பி கொடுத்தார். அண்ணன் மகன் சொன்னபடி தூரத்தை என் செருப்பால் அளந்தோம், தடைக்குத் தடை 28 செருப்பு வந்தது. கோலப்பொடி ஒரு படி தீர்ந்தது.

முதல் தடவை ஓடாமல் நடந்தாள். அடுத்தது மெதுவாக. "ஒண்ணு, ரெண்டு, மூணு, தாவு" என்று அவள் கத்த, திடலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. பால் வாங்கப் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஐந்தாவது தடவை இரண்டாம் குழாய் காலில் பட்டு உருண்டது. நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். அவள் நிற்கவில்லை. கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி, "அம்மா, விழுந்துச்சு பாத்தியா!" என்று சிரிக்கிறாள். குழாய் விழுந்ததற்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள் அப்பாவும் வந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, உருண்ட குழாயை எல்லாம் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கெட் விளிம்பு உடைந்துவிட்டது, அது என் கணக்கு.

நீங்கள் சொன்ன மாதிரி காலை மட்டும் பார்த்து, பால் கணக்கு நோட்டில் எழுதினேன். எட்டுத் தடவை ஓடினாள். எட்டிலும் ஒரே மாதிரி. முதல் மூன்று தடைக்கு இடது கால். நாலாவதுக்கு வலது. அப்புறம் ஐந்தும் ஆறும் தடுமாற்றம். நாலாவதுக்கு முன்னால் மட்டும் "மூணு"க்கு அப்புறம் வாய்க்குள் "நாலு" என்று ஒன்று சேர்த்துக்கொள்கிறாள், அவளுக்கே தெரியவில்லை.

அன்றைக்கு விழுந்ததும் நாலாவது தடையில்தான்.

தூரத்தைக் குறைக்க வேண்டுமா?

---

எட்டாவது லேன்

ஆமாம். நாலாவது தடைக்கு முந்தின இடைவெளியிலிருந்து மட்டும் ஒவ்வொரு செருப்பு குறையுங்கள், 27. அடுத்த ஞாயிறு அதே நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் பி.டி. சாரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.